பட்டு மாடி நாற்காலி

டீ ஆறினால் பரவாயில்லை அம்மா, அப்படியே வையுங்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவளுக்குச் சூடான டீ பழக்கமில்லை. டம்ளரைக் கையில் வாங்கும்போதுதான் ஒரு கல்யாணக் கூட்டம் படியேறி வரும்.

யாராவது சொல்லிக்கொடுத்து வந்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து இங்கே நடந்தேதான் வந்தேன். இன்ஸ்பெக்டர் பொம்பளை என்று தெரிந்ததும் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நின்றுகொண்டே வேலை பார்ப்பது என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

என் பேர் கனகமணி. சொந்த ஊர் ராயகிரி. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக்குப் போனவர்கள். கரும்பில் காய்ந்த சோகை உரிக்க நானும் போயிருக்கிறேன். சோகை கையை அறுக்கும், அறுத்த இடம் காய்த்துப்போகும், காய்த்த இடத்தை மறுபடியும் அறுக்கும். அந்தக் கையோடுதான் ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். பட்டுச் சேலையில் சொரசொரப்பான கை பட்டால் இழை எழும்பிவிடும். சேர்ந்த புதிதில் ஒரு கூறைப்பட்டில் என் விரல் இழுத்து, இழை நூலாக எழும்பி நின்றது. அப்போது பட்டு மாடிக்கு இன்சார்ஜாக இருந்தவர் பவுல்பாண்டியன் அண்ணாச்சி. அவர் சேலையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஏட்டி, இது கையா, அரமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

குதிகால் தேய்க்கிற கல்லை வாங்கி உள்ளங்கையைத் தேய்த்தேன். தோல் உரியும். அதன்மேல் தேங்காய் எண்ணெய் போட்டு மறுபடியும் தேய்ப்பேன். ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்த்தேன். இந்தக் கையைத் தொட்டுப் பாருங்கள். வேண்டாமென்றால் விடுங்கள். கரும்பு வெட்டின வீட்டுக் கை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கடையில் என் வயசு போயிற்று. கால் நரம்பெல்லாம் சுருண்டு நீலமாக நிற்கிறது. இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பேன். கடை ஆட்கள் உட்கார வசதி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்ததே, எங்கள் கடையிலும் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். ஆபீஸர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் அதில் சேலை கட்டிய பொம்மைகளை உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் அந்தப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் நின்றோம்.

பட்டு மாடியில் மனுசர் உட்காரக்கூடிய நாற்காலி ஒன்றுதான். இன்சார்ஜ் நாற்காலி. பவுல்பாண்டியன் அண்ணாச்சிக்குச் சர்க்கரை முற்றி, சித்திரையோடு வேலையை விட்டார். நாற்காலி காலியானது. அடுத்தது நான்தான் என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். நானாகக் கேட்கவில்லை. நான் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. எனக்குப் பேர் வேண்டாம், புகழ் வேண்டாம், போட்டோ வேண்டாம். இதை ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அனிட்டாவைப் பற்றிச் சொல்கிறேன். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். புளியங்குடிக்காரி. அப்பா எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர், இப்போது இல்லை. அம்மா ஞானபூரணம் அதே மார்க்கெட்டில் சாக்குத் தைக்கிறவள். ஆக, அவளும் கஷ்டப்பட்ட வீடுதான். ஆனால் அவளைப் பாளையங்கோட்டைக்குப் படிக்க அனுப்பினார்கள். எனக்கு அரிவாள் கொடுத்தார்கள். இதில் அவள் தப்பு ஒன்றுமில்லை.

வேலை தெரிந்தவள். பத்துப் பேர் சேலை எடுக்க வந்தால் அதில் முடிவு சொல்கிற ஆள் யார் என்று வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். பேசாமல் ஓரமாக நிற்கிற பெரியம்மாவிடம் போய் முதல் சேலையை விரிப்பாள். எனக்கு அது வரப் பல வருசம் ஆனது. அவளுக்கு வந்து சேர்ந்த மாசமே வந்தது. கூடவே போன். சேலையைத் தோளில் போட்டு ஒரு சுற்று சுற்றி, கண்ணை ஒரு வெட்டு வெட்டி, ரீல்ஸ் எடுத்துக் கடையின் பேரில் போடுவாள். முதலாளி மகாராஜன் அண்ணாச்சிக்கு அதெல்லாம் புரியாது. அவர் மகன் அபிஷேக்குக்கு நன்றாகப் புரியும். தென்காசி, கடையநல்லூர், ராஜபாளையம் என்று ஆட்கள் வந்து "ரீல்ஸ் அக்கா எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் விரித்துக் காட்டிய சேலையை மிதித்துவிடாமல் தாண்டி அவளிடம் போவார்கள். மிதிக்காமல் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

கடையநல்லூர் ஆமினாள் அக்கா என்னுடைய கஸ்டமர். அவள் வீட்டு ஆண்கள் எல்லாம் துபாயில். மூத்த மகள் நிக்காஹ், இரண்டாவது மகள் நிக்காஹ் எல்லாத்துக்கும் நான்தான் சேலை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது மகளுக்கு எடுக்க வந்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கனகமணி, கோவிச்சுக்கிடாதட்டி. பிள்ளை அந்தப் பிள்ளைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கா."

"அதுக்கென்ன அக்கா, போயிட்டு வாங்க. எல்லாம் ஒரே கடை தானே."

"நீ தங்கம்ட்டி."

தங்கம் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். முடிந்ததும் அவர்கள் பார்த்துப் போட்ட சேலைகளை நான்தான் மடித்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. மறைக்க மாட்டேன். புது லோடு வந்தால் நல்ல கலரை அடி ரேக்கில் தள்ளி வைப்பேன். பெரிய கூட்டம் படியேறும்போது அவளைக் குடோனுக்கு அனுப்புவேன். "அந்தப் பிள்ளைக்குப் பட்டு தெரியாது, பாத்து வாங்குங்க" என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாக் கடையிலும் நடப்பதுதான்.

அதற்கு அவள் செய்தது வேறு மாதிரி. வைகாசியில் ஒரு ரீல்ஸ் போட்டாள். "பழைய ஸ்டைல், புது ஸ்டைல்" என்று. புது ஸ்டைலில் அவள் அவளாகவே வருவாள். பழைய ஸ்டைலில் கொண்டையை இழுத்துக் கட்டி, இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, "வாங்க மைனி, பாருங்க மைனி, சாயம் போவாது மைனி" என்பாள். குரலும் எனதுதான். ராயகிரி பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் பின்சீட்டிலிருந்து "சாயம் போவாது மைனி" என்று கத்தினாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் அவளிடம் கேட்டேன்.

"ஏட்டி, என் காலை எதுக்கு இழுத்துக் காட்டுன?"

"அய்ய, அது நீங்கன்னு யாருக்கா சொன்னா? நீங்களே வந்து ஒத்துக்கிட்டா நான் என்ன செய்ய?"

"சிரிப்பா இருக்கு உனக்கு."

"கூட்டம் வருதுல்லா. கூட்டம் வந்தா உங்களுக்கும்தானே நல்லது." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அக்கா, ஒளிச்சு வச்சுப் பேச எனக்குத் தெரியாது. அந்தச் சேருக்கு நானும் அபிஷேக் அண்ணன்ட்ட கேட்டிருக்கேன். எங்கம்மா சாக்குத் தச்சு விரலெல்லாம் ஓட்டை. எனக்கும் வேணும்லா?"

"வந்து ரெண்டு வருசம் நின்னுட்டு சேர் கேக்கியே."

"நின்னாக் குடுப்பாவன்னா உங்களுக்கு என்னைக்கோ குடுத்திருப்பாவளே அக்கா."

இதை அவள் திமிராகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இல்லை, பொறுக்கவில்லை என்று எழுதாதீர்கள். பொறுத்துக்கொண்டேன்.

ஆனி மாசக் கடைசியில் அபிஷேக் என்னைக் கூப்பிட்டான். மகாராஜன் அண்ணாச்சியும் கல்லாவில் இருந்தார்.

"அக்கா, ஃபீல் பண்ணாதீங்க. உங்க வேலையில ஒரு குறையும் கிடையாது. காலம் மாறிட்டுல்லா. ஆடித் தபசு முடிஞ்சதும் அனிட்டாவை இன்சார்ஜா போடுதோம். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்க."

"கனகமணி நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிலா. ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார் அண்ணாச்சி.

"சரி தம்பி" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அன்று சாயங்காலம் வரை வழக்கம்போல யாவாரம் பார்த்தேன்.

இனி லிஃப்ட். இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே உங்கள் ஸ்டேஷனில் எழுதினது தப்பு.

பட்டு மாடியின் பின்மூலையில் சரக்கு லிஃப்ட் இருந்தது. இரும்பு மடக்குக் கதவு. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக் கூடாது, அதற்கு உள்ளே ஒரு ஸ்விட்ச் உண்டு. அவசரத்துக்குக் கதவைத் திறந்து திறந்து மூட முடியாது என்று அந்த ஸ்விட்சை யாரோ எப்போதோ ஒரு ஜாக்கெட் துணிக் கிழிசலால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். கதவு திறந்தே கிடக்கும். லிஃப்ட் அது பாட்டுக்கு மேலும் கீழும் போகும்.

கஸ்டமர் கலைத்துப்போட்ட சேலைகளை மடித்து, மோவாய் வரைக்கும் அடுக்கி, மோவாயால் அழுத்திப் பிடித்துத் தூக்குவோம். முன்பக்கமாக லிஃப்டுக்குள் போனால் மேல் சேலையின் ஜரிகை மடக்குக் கதவின் கம்பியில் மாட்டும். ஜரிகை அறுந்தால் எங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து உள்ளே போவோம். எல்லாரும் அப்படித்தான். பின்னால் பார்க்க முடியாது, கழுத்தைத் திருப்பினால் அடுக்கு சரிந்துவிடும். ஆகவே நடந்துகொண்டே கேட்போம், "நிக்குதா?" என்று. லிஃப்ட் நிற்கிறதா என்று அர்த்தம். பக்கத்தில் யார் இருக்கிறாளோ அவள் எட்டிப் பார்த்து "நிக்குது" என்பாள். இல்லையென்றால் "இரு" என்பாள். சண்டை போட்டு மாசக்கணக்கில் முகம் பார்க்காத இரண்டு பேர்கூட இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுவார்கள். பொய் சொன்னதாக ஒரு நாளும் கிடையாது. அப்படி ஒன்று சொல்ல முடியும் என்றே யாருக்கும் தோன்றியதில்லை.

அனிட்டாதான் அந்த லிஃப்டைச் சரிபண்ண வேண்டும் என்று அபிஷேக்கிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் என்னிடம் கேட்டான். "அக்கா, சரி பண்ணணும்னா ரெண்டு மூணு நாள் நிறுத்தணுமாம். என்ன செய்ய?" நான், "தபசு முடியட்டும் தம்பி, இத்தன வருசம் ஓடிச்சுல்லா" என்றேன். அப்போது என் மனசில் ஒன்றுமில்லை. இருந்ததா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

ஆடித் தபசுக்கு முந்தின நாள் மத்தியானம். கோமதி அம்மனைப் பார்க்க வந்த கூட்டம் தெருவில் நகர முடியாமல் நின்றது. ரத வீதியில் மேளமும் ஸ்பீக்கரும். மாடியில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. ஒரு பெரிய கல்யாண கோஷ்டி கலைத்துப்போட்டுவிட்டு அப்போதுதான் இறங்கிப் போயிருந்தது. பின்மூலையில் நான், அனிட்டா, மாரிசெல்வி மூன்று பேர் மடித்துக்கொண்டிருந்தோம். மாரிசெல்வி சின்னப் பெண், சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவளை முன்பக்கம் போய் ஜாக்கெட் பிட் கட்டு ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். அந்த மூலையில் கேமரா கிடையாது. கேமராவெல்லாம் சேலை இருக்கிற பக்கம் பார்த்திருக்கும்.

அனிட்டா அடுக்கைத் தூக்கினாள். நான்தான் மேலே இன்னும் நாலைந்து வைத்துவிட்டேன். "போதும்க்கா, மூக்கை முட்டுது" என்று சிரித்தாள். திரும்பி நின்று பின்பக்கமாக நடந்தாள். "அக்கா, நிக்குதா?" என்றாள். லிஃப்ட் அங்கே இல்லை. "நிக்குது" என்று என் வாயில் வந்துவிட்டது.

வந்துவிட்டது என்று சொன்னேன். நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். லிஃப்ட் ஏன் அங்கே இல்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவள் அடுக்கைத் தூக்கும்போது லிஃப்ட் எங்கள் மாடியில்தான் நின்றது. அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். பட்டனை அமுக்கிக் குடோனுக்கு இறக்கிவிட்டது நான். மேளச் சத்தத்தில் அது போன சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேட்டால் மறைத்தேன் என்பீர்கள். அவள் கையில் இருந்தது பட்டு இல்லை. சில்க் காட்டன். கல்யாணப் பட்டை எல்லாம் நான் முதலிலேயே இந்தப் பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டேன். லிஃப்ட் குழியின் எண்ணெய்க் கறை பட்டால் போகாது.

விழும்போது "அக்" என்றாள். முழுசாகச் சொல்லவில்லை. நான் குனிந்து பார்த்தேன். சேலைகள் அவளுக்குப் பின்னால் நிதானமாக இறங்கின, விரிந்து விரிந்து. பிறகு சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். போட வேண்டிய அளவுக்குப் போட்டேன்.

இங்கிருந்து வந்தவர்கள் கவனக்குறைவு, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். மகாராஜன் அண்ணாச்சி அவள் அம்மாவை நேரில் பார்த்துப் பேசி முடித்தார். இப்போது புது லிஃப்ட் போட்டிருக்கிறது. கதவு சாத்தாமல் நகராது. பிள்ளைகள் யாரும் பின்பக்கமாக நடக்க வேண்டியதில்லை. நல்லதுதானே. அவள் எத்தனையோ தடவை சொல்லியும் நடக்காதது நடந்திருக்கிறது.

ஆவணி முதல் தேதி என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் முட்டி வலிக்க ஆரம்பித்தது. நிற்கும்போது அப்படி வலித்ததில்லை. அதைவிட, படியேறி வருகிறவர்கள் எல்லாம் நேராக என்னிடம் வந்து, "ரீல்ஸ் அக்கா எங்க?" என்றுதான் கேட்டார்கள். இறந்துவிட்டாள் என்றால் அப்படியே நின்று அழுகிறார்கள். முகம் தெரியாதவர்கள் அம்மா. சேலை எடுக்க வந்துவிட்டு, எடுக்காமல் அழுதுவிட்டுப் போகிறார்கள். நான் செத்தால் அந்தக் கடையில் ஒரு பொம்மைக்கும் சேலை மாற்ற மாட்டார்கள்.

நேற்று அவள் அம்மா ஞானபூரணம் வந்தாள். மகள் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டுமாம். அபிஷேக் கையைப் பிடித்து அழைத்துவந்தான். படி ஏறின களைப்பில் பார்க்காமல் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருங்கள் என்று சொல்ல முடியுமா? நான் பக்கத்தில் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானம்மா கனகமணி? கனகமணி அக்கா இருந்தா எனக்குப் பயமே இல்லம்மான்னு சொல்லுவா. நாலு பேரு முன்னால சண்ட போடுவோம், ஆனா அவுக கிட்ட வேல படிச்சேன்னு வெளிய சொல்லிக்கிடுவேம்பா. கை எவ்வளவு மெத்துன்னு இருக்கு உனக்கு."

அப்போது மகாராஜன் அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இனிமே இந்த மாடிக்கு அனிட்டா பேரை வச்சிருவோம். இந்தச் சேருக்கு மேல அவ போட்டோவைப் பெருசா மாட்டுலே அபிஷேக்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மாரிசெல்வி தேம்பினாள்.

அப்போதுதான் சொன்னேன். "அவளா விழலை. லிஃப்டை இறக்கிவிட்டது நான். நிக்குதுன்னு சொன்னதும் நான்தான்."

என்ன செய்தார்கள் தெரியுமா? ஞானபூரணம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "நீ என்னம்மா செய்வ, உன்ன நீயே ஏன் போட்டு வதைக்க" என்றாள். அண்ணாச்சி, "பாசக்காரி, துக்கத்துல பொலம்புதா, தண்ணி குடுங்கலே" என்றார். அபிஷேக் பத்து நாள் லீவு கொடுத்தான். நான் மறுபடியும் சொன்னேன், இன்னும் தெளிவாகச் சொன்னேன். முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். இவ்வளவு வருசத்தில் நான் சொன்னதை அந்தக் கடையில் யாராவது காதில் வாங்கியிருக்கிறார்களா? இதைக்கூட வாங்கவில்லை.

அதனால்தான் இன்று இங்கே வந்தேன். மனசு உறுத்தி வந்தாள் என்று எழுதுகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள். அவளிடம் இருந்த எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. செய்ததை ஒத்துக்கொள்கிறேன். சின்னப் பெண்ணை அனுப்பியது, அடுக்கியது, இறக்கிவிட்டது, சொன்னது, நாலும் நான். மாரிசெல்விக்குத் தெரியாது. வேறு யாருக்கும் இதில் பங்கு கிடையாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? போடுகிறேன். நாளைக்குப் பேப்பர்காரர்கள் வந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள் அம்மா. அவள் போட்டோவை மேலே பெரிதாகப் போட்டுவிட்டுக் கீழே "சக பெண் ஊழியர்" என்று என்னை எழுதிவிடப் போகிறார்கள். கனகமணி என்று போடச் சொல்லுங்கள். போட்டோவுக்கு இந்தப் பக்கம் முகம் நன்றாக விழும்.